பேபிக்குக் கேட்காத சத்தம்

ஞானையனுக்குக் காது சரியில்லை என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு அவர் ஆறு மாதம் பேச மாட்டார். திருவட்டாறுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் சபையில் இருபத்திரண்டு வருடமாகப் பாடகர் குழுவை நடத்துவது அவர்தான். இருபத்தாறு பேர் ஒன்றாகப் பாடும்போது பின்வரிசையில் எவன் சுதி இறங்குகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டே விரல் நீட்டுவார். விரல் போன இடத்தில் பெரும்பாலும் ஜான்ரோஸ் நின்றிருப்பான். தொண்டை கட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வாயை மட்டும் அசைத்தான். அன்றைக்கும் விரல் அங்கேதான் போனது என்று குழுவில் ஒரு பேச்சு உண்டு. அதை யாரும் ஞானையனிடம் சொன்னதில்லை.

மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறத் தொடங்கி, மற்றவர்களை ஏற்றிவிடும் போர்மேனாக ஓய்வு பெற்றவர். குலசேகரத்துக்கு மேலே மலைச்சரிவில் அவருக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. அங்கே போகிற பாதையில் கடைசி அரைக் கிலோமீட்டர் வெறும் பாறை. அதற்காகவே ஒரு எஸ்டேட்டில் கழித்துப்போட்ட டீசல் ஜீப்பை வாங்கினார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. வயது இருபத்தைந்துக்கு மேல். வாரநாளில் ரப்பர் ஷீட்டும் ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் ஐந்தாறு பேரும் அதில்தான் வருவார்கள். அதனால் அவர்கள் சபையில் உச்சக் குரல் பாடும் பெண்களின் சேலையில் எப்போதும் லேசாக ஷீட் வாடை அடிக்கும்.

அந்த ஜீப் ஜூலை மாதத்து மழைநாள் ஒன்றில் புதிதாக ஒரு சத்தம் போட்டது. ஞானையன் வீட்டுக்குக்கூட வரவில்லை. ஆற்றூரில் ஓரமாக நிறுத்தி, குழித்துறை மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

மெக்கானிக் பெயர் பேபி. பெயரைக் கேட்டுவிட்டு நேரில் வருகிறவர்கள் ஒரு நிமிடம் திகைப்பார்கள். ஆறடி உயரம், முறுக்கு மீசை, ஒரு கையால் டயரைத் தூக்கி வைக்கிற ஆள்.

"பேபி, வண்டி ஒரு சத்தம் போடுது."

"என்ன மாதிரி சத்தமாக்கும் அண்ணா?"

ஞானையன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கீ...ச்ச். கீ...ச்ச். கீ...ச்ச். மேல் ஸ்தாயி. முடியற எடத்துல ஒரு நடுக்கம் உண்டு."

மறுமுனையில் பேபி, "இன்னொருக்க பாடுங்கோ அண்ணா" என்றான். ஞானையன் சிரத்தையாகப் பாடினார். இந்தத் தடவை பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது. பேபி ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

மறுநாள் வண்டி குழித்துறைக்குப் போனது. பேபி முறையாகத்தான் பார்த்தான். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஒவ்வொரு இடமாக வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டான். கியரை நியூட்ரலில் போட்டுக் கிளட்ச்சை அழுத்தினான்; விட்டான்.

"மிதிக்கும்போ சத்தம் நின்னா கியர் பாக்ஸ் பேரிங். மிதிக்கும்போ வந்தா ரிலீஸ் பேரிங். இதுல நிக்கவும் இல்ல, வரவும் இல்ல."

பிறகு ஓட்டிப் பார்த்தான். ஆற்றுப் பாலம்வரை போய் வந்தான். சத்தம் இல்லை. ஞானையனையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஞானையன் லைசென்ஸ் எடுக்கப் போனவரைப்போல முதுகை நிமிர்த்தி, வாயைத் திறக்காமல் ஓட்டினார். அப்போதும் சத்தம் இல்லை.

"மூணாவது இன்ஜெக்டராக்கும்" என்றார் ஞானையன்.

"எப்பிடிச் சொல்லுதிய?"

"எனக்குக் கேக்குதுடே."

பேபி இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். எந்த இன்ஜெக்டரில் கோளாறோ, அதன் குழாயைத் தளர்த்தும்போது சத்தம் அடங்கும். நான்கில் எதைத் தளர்த்தியபோதும் வண்டி ஒரேபோல நொண்டியது. இறுக்கியபோது ஒரேபோல ஓடியது. "நாலும் நல்லா வேல செய்யுது அண்ணா" என்றான். ஞானையன் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த மூன்றாவதைக் கழற்றி டீசல் பீய்ச்சும் விதத்தையும் காட்டினான். பூத்தூறல்போல அழகாகப் பீய்ச்சியது. ஞானையனுக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் இன்ஜின் வால்வுகளின் டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்தார்கள். அதற்கடுத்த வாரம் ஃபேன் பெல்ட்டை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் வண்டி பேபியின் கண்முன்னே ஊமையாக இருந்தது. மார்த்தாண்டம் பாலத்தைத் தாண்டி, நெரிசல் விட்டு, ஞானையன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்ததும் கீச்சென்றது.

போனில் பதிவுசெய்து பழைய ஜீப் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். மஸ்கட்டிலிருந்து ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, சத்தம் எங்க? நீங்க பாடுறதுதான் கேக்குது." ஞானையன் அந்த ஆளுக்குப் பதில் போடவில்லை. பாட்டுக்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனிடம் என்ன பேச?

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சபைக் கோயில் முற்றத்தில் நின்றபோது யாரோ வண்டியைப் பற்றி விசாரித்தார்கள். "பேபி நல்ல பயலாக்கும். கைவேல சுத்தம். காதுதான் கிடையாது" என்றார் ஞானையன். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்ததால் கடைத்தெருவிலும் ஒரு தடவை சொன்னார். அவர் மனைவி ஜெயபாய்க்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருடம் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். வழி தெரியாமல் விடையை மட்டும் எழுதிவைக்கிற பிள்ளைகளை அவளுக்கு ஆகாது.

"அவன் ஒழுங்காப் பாத்துட்டு இல்லன்னு சொல்லுதான். நீங்க பாக்காமலே உண்டுன்னு சொல்லுதிய" என்றாள்.

"எனக்குக் கேக்குதே ஜெயா."

"எனக்கும்தான் கேக்குது. ஆனா அது மூணாவது இன்ஜெக்டர்னு எங்கிட்ட வந்து சொல்லல்ல."

செப்டம்பரில் மார்த்தாண்டத்தில் சபைகளுக்கிடையே பாட்டுப்போட்டி வந்தது. குழுவில் பதினெட்டுப் பேர் வேனில் போனார்கள். மிச்சம் ஆறு பேர் ஜீப்பின் பின்பக்கம். முன்னால் ஞானையன் ஓட்ட, பக்கத்தில் ஜெயபாய். மேடையில் ஏறுமுன் ஒரு தடவையாவது பாடிப் பார்க்க வேண்டாமா? திருவட்டாறு தாண்டியதும், "எல்லாரும் எடுங்கோ" என்று உத்தரவு போட்டார். மூன்று எண்ணிக்கையில் போகிற பாட்டு. முதல் எண்ணிக்கையில் ஓர் அழுத்தம் விழ வேண்டும்.

விழுந்தது. அதோடு கீச்சும் விழுந்தது.

கீச், இரண்டு, மூன்று. கீச், இரண்டு, மூன்று. பின்னால் இருந்த ரேஷ்மிக்குச் சிரிப்பு வந்து உச்சக் குரல் பாதியில் அறுந்தது. "கேட்டியளா! கேட்டியளா!" என்று ஞானையன் கத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களின் பேச்சில் அது அமுங்கிப்போகும்; ஆறு வாரத்தில் முதல்முறையாக, ஜெயபாயைத் தவிர வேறு சாட்சிகள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. ஜெயபாய் மட்டும் கையை உயர்த்தினாள். வகுப்பில் உயர்த்துகிற அதே கை.

"எல்லாரும் பாட்ட நிறுத்துங்கோ."

பாட்டு நின்றது. சத்தமும் நின்றது.

"இனி பாடுங்கோ."

கீச்.

"நிறுத்துங்கோ. ஜான்ரோஸ், நீ மட்டும் பாடு."

ஜான்ரோஸ் பயந்துகொண்டே பாடினான். இரண்டாவது வரியில் அவனுக்குத் தாளம் தப்பியது. கீச்சுக்குத் தப்பவில்லை.

ஜெயபாய் குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தபடி, "வண்டிய ஓரமா நிறுத்துங்க, இன்ஜின் ஓடட்டும்" என்றாள். நிறுத்தினார். "ஒங்க எடது கால் எங்க இருக்கு?"

ஞானையனும் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலோ அங்கே கிடப்பதுபோலப் பார்த்தார். "கிளட்ச்சுல."

"பாடும்போ கியர் மாத்துனியளா?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்கு அங்க?"

"அது... சும்மா கிடக்கு. மிதிக்கல்ல."

"சும்மா கிடக்கல்ல. தாளம் போடுது" என்றாள் ஜெயபாய்.

பின்னால் ரேஷ்மி சேலை முந்தானையை வாயில் திணித்திருந்தாள். ஞானையன் தானே ஒரு வரியை முணுமுணுத்துப் பார்த்தார். அவர் சொல்லாமலே அவருடைய கால் பெடலைத் தொட்டது. கீச். பாட்டை நிறுத்தினார், கால் அசையாமல் நின்றது. மறுபடியும் முணுமுணுத்தார். மறுபடியும் தொட்டது. அறுபது வருடம் தன்னோடு இருந்த கால் இப்படி ஒரு காரியம் செய்துகொண்டிருந்தது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு மார்த்தாண்டம்வரை ஜீப்பில் யாரும் பாடவில்லை.

மேடையில் நடந்ததைக் குழுவினர் இன்றைக்கும் அவர் இல்லாத இடத்தில்தான் பேசுகிறார்கள். ஞானையனுக்கு நினைப்பு முழுக்க இடது காலில் இருந்தது. அதை ஆணி அடித்ததுபோல மேடையில் ஊன்றிக்கொண்டு கையை மட்டும் வீசினார். அவருடைய கை எப்போதுமே கொஞ்சம் தாராளமாக அலைகிற கை. இருபத்திரண்டு வருடமாகக் குழு அதைப் பார்த்துப் பாடியதே இல்லை. எல்லாரும் காலைத்தான் பார்த்துவந்தார்கள். கால் அசையாததால் பெண்கள் ஓர் இடத்தில் தொடங்க, ஆண்கள் வேறோர் இடத்தில் தொடங்க, ஜான்ரோஸ் தனக்குத் தோன்றிய இடத்தில் தொடங்கினான். இரண்டாம் சரணத்தில், பெண்கள் வரிசையில் நின்ற ஜெயபாய் பாட்டுப் புத்தகத்தில் விரலால் தட்டித்தான் எல்லாரையும் ஓர் இடத்தில் சேர்த்தாள். ஐந்து குழுக்களில் அவர்களுக்கு நான்காவது இடம். ஐந்தாவது குழுவில் இரண்டு பேருக்குக் காய்ச்சலாம்.

திங்கட்கிழமை ஞானையன் தனியாகக் குழித்துறைக்குப் போனார். பேபி ஒரு காரின் அடியில் படுத்திருந்தான். அவன் வெளியே வரும்வரை ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்திருந்தார். வந்ததும், இடையில் நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்பதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்: பாட்டு, கால், கீச், எல்லாம்.

பேபி சிரிக்கவில்லை. மீசையை மட்டும் இரண்டு தடவை தடவினான். "எறக்கிப் பாத்துருவோம் அண்ணா" என்றான்.

கியர் பாக்ஸை இறக்க மத்தியானம் ஆகிவிட்டது. கிளட்ச் பெடலை மிதித்தால் முன்னால் நகர்ந்து கிளட்ச்சைத் தள்ளிவிடுகிற ரிலீஸ் பேரிங்கை பேபி கையில் எடுத்தான். வட்டமாக, உள்ளங்கை அளவு. துணியால் துடைத்துவிட்டு விரலால் சுற்றினான்.

கீ...ச்ச். மேல் ஸ்தாயி. முடிகிற இடத்தில் நடுக்கம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க அண்ணைக்கு போன்ல பாடுனதும் இதேதான்" என்றான் பேபி. "ஒரு இம்மி வித்தியாசமில்ல. காது கொள்ளாம், நல்ல காதாக்கும் அண்ணா. காலுதான்..."

ஞானையனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு கேட்டார்: "பின்ன ஒனக்கு ஏன் கேக்கல்ல?"

"நான் ஓட்டும்போ கால் தரையிலல்லா கிடக்கும். கிளட்ச்ச மிதிச்சா முழுசா மிதிப்பேன். அப்போ பேரிங் இறுகிப்போய் சத்தம் அமுங்கும். நீங்க பட்டும் படாம தொடுதிய. தொடும்போ பேரிங் போய் ஒரசும். நாளு முழுக்க ஒரசுனா தேயாம என்ன செய்யும்? எம் பக்கத்துல இருந்து ஓட்டுனப்போ நீங்க பாடவும் இல்ல."

ஞானையன் டயரிலிருந்து எழுந்து நின்றார். "பேபி, ஒனக்குக் காது இல்லன்னு நான் ஒரு நாலு பேருகிட்ட சொல்லிட்டேன்."

"நாலு பேரா?" பேபி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "எங்கிட்ட வந்து சொன்னவங்களே பதினொண்ணு பேராக்கும்."

ஞானையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே முற்றத்தில், அதே ஆட்கள் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய் நின்றார். "சத்தம் கண்டுபிடிச்சாச்சு. பேபி சொன்னதெல்லாம் சரி. தப்பு எங்காலுல" என்றார். ஒருவர் புரியாமல், "கால்ல வாதமா?" என்று கேட்டார். தாளம் போட்டதையும் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னார். போன தடவையைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. ஜெயபாய் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் அவர் கேட்காமலே மீன் வறுத்து வைத்தாள்.

புது பேரிங் போட்ட பிறகுதான் அடுத்த தொல்லை தொடங்கியது. காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டால் ஞானையனுக்குப் பாட்டு வரவில்லை. பாட்டு வந்தால் கால் பெடலைத் தேடியது. இரண்டு வாரம் ஊமையாக ஓட்டினார். வீட்டுக்கு வந்தபிறகும் முகம் விழுந்தே இருந்தது. ஒருநாள் இடது காலை விடாப்பிடியாக அடக்க, வலது கால் ஆக்சிலரேட்டரில் தாளம் பிடித்துவிட்டது. குலசேகரம் சந்தைவழியாக ஜீப் மூன்று எண்ணிக்கைக்கு ஒரு தடவை முன்னால் குதித்துக்கொண்டே போனதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

ஜெயபாய்தான் பேபிக்கு போன் செய்தாள். "எதாவது வழி உண்டா பேபி? இந்த மனுசன் பாடாம இருந்தா எனக்குப் பயமாட்டு இருக்கு."

"வண்டியக் கொண்டுவரச் சொல்லுங்கோ அக்கா."

கிளட்ச் பெடலுக்கு இடப்பக்கம், சாய்வாக, கனமான ஒரு இரும்புத் தகட்டை பேபி வெல்டிங் செய்து வைத்தான். சின்ன பெடல்போலவே இருந்தது. ஆனால் எதோடும் சேராதது. "இதுல எவ்வளவு வேணும்னாலும் அடிச்சுக்கிடுங்கோ அண்ணா" என்றான். ஞானையன் உட்கார்ந்து காலை வைத்துப் பார்த்தார். ஒரு வரி முணுமுணுத்தார். டங், இரண்டு, மூன்று. பேபி கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "சுதி கொஞ்சம் கூடுதல்" என்றான். ஞானையன் முறைத்தார். பிறகு அவரும் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் ஷீட் எடுக்க அவரும் ஜெயபாயும் தோட்டத்துக்குப் புறப்பட்டார்கள். மழை விட்டிருந்தது. பாறை தொடங்கும் இடத்தில் நாலு சக்கரமும் இழுக்கிற லிவரைப் போட்டு, முதல் கியரில் மெல்ல ஏற்றினார். பாடிக்கொண்டேதான் ஏற்றினார். இரண்டாவது சரணத்தில் ஜெயபாய் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டாள்.