மகளுக்குக் கொடுக்க முடியாத கல்லீரல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கிரேன் ஓட்டுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. பசித்தால் பரோட்டா, தாகமெடுத்தால் கூல்டிரிங்க்ஸ். ஐந்து வயது மகளுக்குக் கல்லீரல் பழுதானது. மனைவியின் ரத்த வகை சேரவில்லை. என்னுடையது சேர்ந்ததால், என் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க முடிவானது.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "குடிப்பீங்களா?" என்றார்.

"தொட்டதே இல்ல சார்."

"கல்லீரல் பூரா கொழுப்பு. இப்ப எடுக்க முடியாது. உடம்பக் குறைச்சிட்டு வாங்க."

வெளியே வந்ததும் மனைவி, "கொறைக்கலாம்னுதான சொல்றாரு? அழுதுகினு நிக்காம நடய்யா" என்றாள்.

வேலைக்கு நடந்தே போனேன். பரோட்டாவையும் கூல்டிரிங்க்ஸையும் விட்டேன். மூன்று மாதம் கழித்து டாக்டர் சம்மதித்தார். மகள் பிழைத்தாள்.

நான் தின்றது என் உடம்போடு போகும் என்றிருந்தேன். எனக்காக அவள் மஞ்சள் கண்களோடு காத்திருந்ததை நினைத்தால் இன்றும் பதறுகிறது.