ஈயத்தில் மூன்று புள்ளி

இரும்புக் கம்பியின் ஒரு முனை சாலையோர மண்ணில். மறுமுனை கன்னையனின் வலக்காதில். இப்போதுதான் கிழக்கு வெளுத்திருக்கிறது, பனியன் கம்பெனி வேன்கள் கிளம்புவதற்குள் மண்ணுக்குள் குழாய் ஒழுகும் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும். கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து, குந்தியபடியே இரண்டடி நகர்கிறார். பிறகு இன்னும் அரையடி. எழுந்து வலது குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகுகிறார். மண்ணில் சின்னக் குழி விழுகிறது.

"இங்க தோண்டு கண்ணு. மூணடியில ஒழுகுது."

ஐம்பத்து மூன்று வயது. தண்ணீர் இலாகாவில் பிட்டர். வலக்காது மடல் மட்டும் காய்த்துக் கறுத்திருக்கும். கல்யாண மண்டபத்துக்குப் போனால் முதலில் கை கழுவும் இடத்தைப் பார்ப்பார். சொட்டும் குழாயை இறுக்கிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். மாப்பிள்ளை யாரென்று வீட்டுக்கு வந்த பிறகு மனைவியிடம் கேட்டுக்கொள்வார்.

பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை இணைப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். இடுக்கில் சணல் திரியை அடித்து இறக்கி, காய்ச்சிய ஈயத்தை ஒரே மூச்சில் ஊற்றி, சுற்றிலும் உளியால் இறுக்க வேண்டும். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்து முகத்துக்கு வரும். கன்னையனுக்கு இடது புருவத்தில் பாதி இல்லை. ஆறிய ஈயத்தில் கூர் உளியால் மூன்று புள்ளி குத்துவார், பக்கத்தில் வருடம்.

"ஒழுகுச்சுன்னா எவன் செஞ்சான்னு ஊரெல்லாம் தேட வேண்டாம் பாருங்க. நேரா எங்கூட்டுக்கு வந்து வையலாமுங்க."

ஈஸ்வரமூர்த்தியும் அவரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. ஒரே வருடம் சான்றிதழ். ஈஸ்வரமூர்த்தி கட்டட இலாகாவுக்குப் போனார். அங்கே பிட்டர் என்றால் முழுத்திறன் பெற்றவர். தண்ணீர் இலாகாவில் அதே பிட்டர் செமி ஸ்கில்டு, அதாவது அரைத்திறன்; சம்பளமும் இரண்டு படி கீழே. கன்னையனும் கூட வேலை பார்க்கும் பதினொரு பேரும் பத்து வருடம் மனு கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வரி திரும்பி வந்தது: பணியின் தன்மை வேறு. அதைக் கன்னையன் மந்திரம் போலச் சொல்லுவார்.

மனைவி சாரதாமணி பனியன் கம்பெனியில் டெய்லர். அவளுக்கு இது பிடிபடவே இல்லை.

"ஏனுங்க, எங்களுக்கு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே அக்ரிமெண்டு. உங்க கவருமெண்டுல மட்டும் ஆபீசுக்கு ஆபீசு ஆளோட தரம் மாறுதுங்களா?"

"பணியின் தன்மை வேறு," என்றார் கன்னையன்.

"அந்தத் தன்மையத்தான் ஒரு நாளைக்குக் கண்ணுல காட்டுங்க போங்க."

புதிய சம்பள விகிதம் வந்த மறு வருடம் அதற்கும் ஒரு நாள் வந்தது. மனுவை விசாரிக்க வந்த அதிகாரி வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்றார். கட்டட இலாகாவின் பராமரிப்பில் இருந்த அரசு குடியிருப்பில் பத்து நாளாகத் தண்ணீர் ஏறவில்லை. கசிவு எங்கே என்று தெரியவில்லை. கன்னையனை அழைத்துப் போனார்கள்.

கம்பியை ஊன்றினார். நகர்ந்தார். குதிகாலைத் திருகினார்.

அந்தக் குடியிருப்பின் பிட்டர் ஈஸ்வரமூர்த்தி ஓடி வந்தார். குனிந்து காதருகில் சொன்னார். "டேய், அது தொண்ணூத்தெட்டுல நீ ஊத்துன ஜாயிண்ட்டுடா. அது ஒழுகுதுன்னா உங்க மனு இன்னிக்கே குப்பைக்குப் போயிரும். நாலடி தள்ளிக் காட்டு."

"சத்தம் இங்கதாண்டா கேக்குது."

தோண்டினார்கள். இரண்டடியில் மண் ஈரம். மூன்றடியில் சேறு. கன்னையன் குழிக்குள் இறங்கித் துண்டால் குழாயைத் துடைத்தார். மூன்று புள்ளி. 98. அதிகாரி எட்டிப் பார்த்தார். ஈயத்தில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஒரு சாண் தள்ளி, யாரோ பிற்பாடு உடைப்பைச் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் அதிலிருந்துதான் பீய்ச்சியது.

"இந்தப் புள்ளி யாருடையது?"

கட்டட இலாகாவின் பதிவேட்டில் அந்த இணைப்புக்கு நேரே இருந்தது ஈஸ்வரமூர்த்தியின் பெயர். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதியிருக்கறது எம்பேருங்க சார். ஊத்துனது இவன். எனக்கு ஈயங் காய்ச்சறதக் கண்டாலே பயமுங்க. லீவு நாள்ல கூட்டியாந்து ஊத்த வெப்பேன். இந்தக் காம்பவுண்டுல மட்டும் பதினாலு ஜாயிண்ட்டுங்க. கூலி ரெண்டு டீ, ஒரு போண்டா."

"போண்டா ரெண்டுடா," என்றது குழிக்குள்ளிருந்து ஒரு குரல்.

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு பேனாவைத் திறந்து, அங்கேயே நின்று வெகுநேரம் எழுதினார். ஈஸ்வரமூர்த்திக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை இன்றும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். கேட்டவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறார்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. இரண்டு இலாகா பிட்டர்களும் ஒரே நிலை, ஒரே சம்பளம். அன்று கன்னையன் மங்கலம் சாலையில் ஒரு கசிவைத் தேடிக்கொண்டிருந்தார். பதினொரு பேரும் ஈஸ்வரமூர்த்தியும் மாலையோடு அங்கேயே வந்துவிட்டார்கள். சாரதாமணி அரை நாள் லீவு போட்டுவிட்டு, சட்டையில் ஒட்டிய நூலைக்கூடத் தட்டாமல் வந்திருந்தாள்.

"என்னங்க, செமி எல்லாம் போயிருச்சுங்களா?"

"போச்சு போச்சு. முழுசா ஆயாச்சு."

"அப்ப இன்னிக்காவது கம்பியக் கீழ வெய்யுங்க."

ஒருவர் பத்தாயிரம் வாலாப் பட்டாசைச் சாலையோரம் நீளமாக விரித்தார். தீப்பெட்டியை உரசப் போனார். கன்னையன் தன் மாலையைக் கழற்றி ஈஸ்வரமூர்த்தியின் கழுத்தில் போட்டார். குந்தினார். கம்பியை ஊன்றிக் காதை வைத்தார். தீக்குச்சி வைத்திருந்த கையை நோக்கி, பொறு என்று ஒரு விரலை உயர்த்தினார்.

உரசாத குச்சி அப்படியே நின்றது. கன்னையன் எழுந்து, குதிகாலை ஊன்றி, ஒரு திருகு திருகினார். பிறகு விரலை இறக்கினார்.