உம்லாக்கு ஏறிய பஸ்

போன வாரம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். சோற்றைப் போட்டு, வெஞ்சனத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால், பயல் தட்டைப் பார்க்காமல் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். எட்டிப் பார்த்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பையன் மைக்கை நீட்டி, "உம்லாக்குங்கிற வார்த்தை எங்கேருந்து வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்" என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் மறிக்கிறான். ஒருவர் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனது என்கிறார். ஓர் அம்மா, மலையாளமாக இருக்கும் என்கிறார். கடைசியில் மைக் பையனே தீர்ப்பும் சொல்லிவிட்டான்: "நம்ம ஊரு பூட்டுக்குப் பேர்போன ஊரு. பூட்டுன்னா லாக்கு. லாக் ஆகி நிக்கிறவன் உம்லாக்கு. அம்புட்டுத்தான்."

எனக்கு வந்ததே கோபம். "பூட்டும் கெடையாது, சாவியும் கெடையாது, நிறுத்துடா அந்தக் கருமத்த" என்றேன். "உம்லாக்கு பண்ணாதீங்க பெரியம்மா, சாப்பிட விடுங்க" என்கிறான்.

இந்த வார்த்தை உங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றால் நீங்கள் புண்ணியம் செய்தவர். எங்கள் பக்கம் மந்தமாக இருக்கிறவன் உம்லாக்கு. நேரத்துக்கு வராத பஸ் உம்லாக்கு. கல்லில் ஒட்டிக்கொண்ட தோசையும் உம்லாக்கு. ஆட்டோவுக்குப் பின்னால் எழுதியிருக்கிறார்கள். பனியனில் அச்சடித்து விற்கிறார்கள், அதை வாங்கவும் ஆள் இருக்கிறது. அட, படித்த மனுஷன், என் பல் டாக்டர், "இந்தக் கடவாய்ப்பல்லு கொஞ்சம் உம்லாக்கும்மா, எடுத்துரலாம்" என்றார். வாயைத் திறந்து வைத்திருந்ததால் என்னால் சண்டை போட முடியவில்லை. இல்லாவிட்டால் பல்லோடு அவரையும் ஒரு கை பார்த்திருப்பேன்.

டாக்டரின் அறையில் கிராம்பு வாசம் அடித்தது. எனக்குக் கிராம்பு என்றாலே சவரியண்ணன்தான். வத்தலக்குண்டிலிருந்து செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் போகும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருந்தவர். கிராம்பை மென்றால் நாக்கு திருந்தும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும்.

நான் அப்போது திண்டுக்கல்லில் ஒரு ரெடிமேட் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் அந்த வண்டியில் ஏறினால் என்ஜின் மேல் மல்லிகை மூட்டை, சீட்டுக்கு அடியில் தேங்காய்ச் சாக்கு, காலை வைக்க இடமிருக்காது. நான் மடிப்புக் கலையாமல் சேலை கட்டிக்கொண்டு போய், நசுங்கிய அப்பளமாகக் கடையில் இறங்குவேன். அந்தச் சேலையைக் கட்டுவதற்கு வீட்டில் அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நிற்பேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

சவரியண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். அதிலும் 'செ'வில் தொடங்கும் எதுவும் வராது. அவர் பிழைப்புக்கு வந்த வழியிலோ செம்பட்டி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராத்திரி ஷெட்டில் நிற்கிற வெறும் வண்டிக்குள் ஏறி, ஆளில்லாத சீட்டு ஒவ்வொன்றிடமும் டிக்கெட் கேட்டுப் பழகுவாராம். என்னென்னவோ சத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஒன்று பலித்தது. உதட்டை மூடி 'உம்' என்று ஆரம்பித்து, 'லாக்கு' என்று விட்டால், அதன் பின்னாலேயே செம்பட்டி வந்து விழுந்தது.

கூட்டமில்லாத ஒரு நாள் இதையெல்லாம் அவரே எனக்குச் சொன்னார். "உம்லாக்கு, பேட்டரி போன வண்டிய நாலு பேரு தள்ளிவிட்டா ஓடும்ல தங்கச்சி? அது மாதிரித்தான். இத மொதல்ல தள்ளிவிட்டுட்டா பேச்சு ஓடிரும்."

ஓடியது, அப்படி ஓடியது. அதுவரை பூட்டிவைத்திருந்த பேச்சையெல்லாம் மனுஷன் அந்த வண்டியில்தான் கொட்டினார். ஒருவர் ஆட்டுக்குட்டியோடு ஏறி, அதற்கும் டிக்கெட் உண்டா என்று கேட்டார். "உம்லாக்கு, வேணாம்ண்ணே. அது உங்கள மாதிரி சன்னல் சீட்டுக்குச் சண்ட போடலேல்ல" என்றார் சவரியண்ணன். பூக்காரம்மாக்கள் முன்னால் வரும் பஸ்ஸை விட்டுவிட்டு இவர் வண்டிக்குக் காத்திருப்பார்கள். எங்கள் யாருக்கும் உம்லாக்கு வேடிக்கையாகவே படவில்லை. அவர் செருமுகிறார், அவ்வளவுதான்.

அப்புறம் பாலிடெக்னிக் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். பின்சீட்டு முழுக்க அவர்கள்தான். முதலில் ஒருவன் சொல்லிப் பார்த்தான். மறுநாள் நாலு பேர் சொன்னார்கள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து பாட்டாகவே பாட ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் பிறந்த வார்த்தையல்லவா, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யாரோடாவது இறங்கியது. செம்பட்டி டீக்கடையில் கேட்டேன். பூ மார்க்கெட்டில், எடை போடத் தாமதித்த ஆளை, "உம்லாக்கா நிக்காதப்பா" என்று விரட்டினார்கள். கடைசியில் எங்கள் முதலாளியே, "என்னம்மா, உம்லாக்கு மாதிரி பாத்துக்கிட்டு இருக்க, கஸ்டமர கவனி" என்றார். அவர் காரில் வருகிற மனுஷன். அந்த பஸ்ஸை வெளியிலிருந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஊர் வாயில் அது ஏற ஏற, சவரியண்ணன் வாயிலிருந்து இறங்கியது. அவர் சொல்லவே கூச்சப்பட்டார். சொல்லாவிட்டால் பேச்சு வராது. விசில் ஊதினார், கையைக் காட்டினார், டிக்கெட்டை நீட்டினார். ஆட்டுக்குட்டிக்காரர் மறுபடி வந்து கேட்டபோதும், சவரியண்ணன் சும்மா தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒருநாள் பழனிக்கு பஸ் மாறிப் போகிற ஒருவர், செம்பட்டியில் இறக்கிவிடச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். செம்பட்டி வந்தது. சவரியண்ணன் அவர் பக்கம் குனிந்து உதட்டை மூடியதுதான் தாமதம், பின்சீட்டிலிருந்து மொத்தமாக "உம்லாக்கு" என்று கத்தினார்கள். தூங்குகிறவர் அதற்கும் அசையவில்லை, சவரியண்ணன்தான் நிமிர்ந்துவிட்டார். தோளைத் தொட்டு எழுப்பியிருக்கலாம், அதுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை அவருக்கு. விசில் கொடுத்தார். வண்டி கிளம்பிவிட்டது.

திண்டுக்கல்லில் கண் விழித்த அந்த ஆள் குதித்தார். "வாயில என்ன கொழுக்கட்டையாய்யா வச்சிருக்க? ஒரு வார்த்த சொன்னா என்ன?" சவரியண்ணன் பதிலுக்குத் திணறிக்கொண்டு நிற்கிறார், பின்சீட்டுப் பையன் ஒருவன் சமாதானம் பண்ணுகிறான்: "விடுங்கண்ணே, கண்டக்டர் ஒரு உம்லாக்கு."

எனக்குக் கண்மண் தெரியவில்லை. "ஏலே, அவரு பேசுறதுக்கு வச்சிருந்தத புடுங்கிக்கிட்டு, இப்ப அவரையே அதச் சொல்லி ஏசுறீகளாடா" என்று பிடித்துக்கொண்டேன். "சும்மா ஜாலிக்குக்கா" என்றான். அவன் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுவாரம் வேறு கண்டக்டர் இருந்தார். டிரைவரிடம் கேட்டேன். "வேணாம்னுட்டுப் போயிட்டாப்ல தாயி. எம்புட்டோ சொல்லிப் பாத்தோம்" என்றார்.

வீடியோவைப் பார்த்த எரிச்சல் ஆறுவதற்குள், இந்த ஞாயிற்றுக்கிழமை சுங்குடிச் சேலை எடுக்கச் சின்னாளப்பட்டி போயிருந்தேன். கடையில் ஒரு பெண் சேலைகளை விரித்துப் போட, பக்கத்தில் நரைத்த மனுஷர் ஒருவர் மடித்துக்கொண்டிருந்தார். சவரியண்ணன். என்னையும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அண்ணே, நல்லாருக்கீங்களா" என்றேன். தலையாட்டிச் சிரித்தார்.

"எங்கப்பாவத் தெரியுமாக்கா?" என்றாள் அந்தப் பெண். "அவரு பேச மாட்டாருக்கா. நாலு வார்த்த சேந்தாப்ல பேசி நான் கேட்டதே இல்ல." அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, அவ்வளவு ஆசையாகச் சொன்னாள்: "சரியான உம்லாக்கு எங்கப்பா."

"இவரா பேச மாட்டாரு? ஒரு பஸ்ஸையே பேசிச் சிரிக்க வச்சவரும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறேன் என்று சிரித்தாள். "நீயே கேளு" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். உதட்டை மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"என்னப்பா, அந்த நீலத்த எடுத்துக் காட்டவா?" என்று அவளே முடித்துவைத்தாள்.

அவர் நீலச் சேலையை எடுத்து என் முன்னால் விரித்தார்.

அவர் சொல்லவந்தது நீலச் சேலையைப் பற்றி இல்லை. 'அது என் வார்த்தை' என்று மகளிடம் சொல்வதற்கும் அவருக்கு அந்த வார்த்தைதான் முதலில் வேண்டும். அதைத்தான் ஜில்லா முழுக்கப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டார்களே, பாவிகள். இப்போது யாரைக் கேட்டாலும் அதைச் சொல்கிறார்கள். அதன் பின்னால் வந்துகொண்டிருந்த அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று அவர் பெற்ற மகளுக்கே தெரியாது.