லேபிளின் பின்பக்கத்துப் பாட்டு

எனக்கு இப்போது வருகிற சினிமாப் பாட்டுகள்தான் பிடிக்கும். அறுபத்தெட்டு வயதில், புருசன் போய் இருபது வருசமான ஒருத்தி இதை எழுதுவதற்கே கை கூசுகிறது. வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. முதன்முதலாக இதை வாய்விட்டுச் சொன்னது தீப்பெட்டி ஆபிசில், கணக்கப்பிள்ளையின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டுதான். 

கோவில்பட்டியை விட்டு விளாத்திகுளம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால், கரிசல் காட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட சின்ன ஆபிஸ் அது. பெரிய இடங்களில் எல்லா வேலைக்கும் மிஷின் வந்துவிட்டது. நாங்கள் இன்னும் குச்சியைக் கையால்தான் அடைக்கிறோம். மருந்து முக்கிக் காயவைத்த குச்சிகள் மரச் சட்டத்தோடு வரும். இடது கையில் பெட்டி, வலது கையில் ஒரு பிடி குச்சி. எண்ண வேண்டியதில்லை, எத்தனை என்று விரலுக்கே தெரியும். உள்ளே வைத்து மூடிவிட்டு அடுத்த பெட்டி. குச்சியின் தலை பெட்டியின் பக்கத்து மருந்தில் உரசிவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொருத்தி காலடியிலும் நனைத்த சாக்கு ஒன்று கிடக்கும்.

அந்த ஹாலில் சில சொற்களை நாங்கள் சொல்வதில்லை. நெருப்பு என்றோ, பத்திக்கொண்டது என்றோ, எரிகிறது என்றோ யார் வாயிலும் வராது. வயிறு எரிகிறது என்றுகூடச் சொல்ல மாட்டோம். எப்போதாவது ஒரு குச்சி உரசிப் பொறி விட்டால் "சிரிச்சிருச்சு" என்போம். புதிதாக வருகிறவளுக்கு வேலையைக் காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம்.

எனக்கு எதிரே உட்கார்ந்து அடைக்கிறவள் இடைசெவல் பக்கமிருந்து ஸ்கூட்டரில் வருகிற இளையவள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன புருசன் வீட்டில் படுத்திருக்கிறான். பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகள் இரண்டு. நாலு வயிறும் அவள் கையை நம்பித்தான். ஆனாலும் ஹாலில் அவள் வாய்தான் அதிகம் கேட்கும். பாட்டுப் போடுகிற ஸ்பீக்கரும் அவளுடையதுதான், கைக்குள் அடங்குகிற அளவு. போனும் பேட்டரியும் உள்ளே வரக் கூடாது என்பதால் ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு வருவாள். காலையில் முதல் பாட்டு எனக்கு. "பெரியம்மாவுக்கு ஒரு சாமி பாட்டு" என்று சொல்லிப் போடுவாள். நான் கண்ணை மூடிக் கேட்பதாக எல்லாரும் நினைத்தார்கள். அது எப்போது முடியும் என்றுதான் நான் காத்திருப்பேன்.

பழைய பாட்டுகளும் நல்ல பாட்டுகள்தான். ஆனால் அவை ஒவ்வொன்றிலும் எனக்கு வேண்டிய யாராவது இருக்கிறார்கள். ஒன்றில் என் தங்கை, ஒன்றில் அவர், ஒன்றில் பிறந்து நாற்பது நாளில் போன பிள்ளை. கேட்டால் கை நின்றுவிடும். புதுப் பாட்டில் எனக்குச் சொந்தமான துக்கம் எதுவும் கிடையாது. நேற்று வந்த பாட்டுக்கு என்னைத் தெரியாது. அதன் முன்னால் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அதன் சொற்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. பாதி இங்கிலீஷாக இருக்கும். மீதியைப் பாடுகிறவரே முழுங்கிவிடுவார். ஆம்பிளைகள் பாடுவதில் பலது, வேண்டாம் என்று சொன்ன பெண்ணை வைகிற பாட்டு. அதைக் கேட்கும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து யாரோ பின்னாலேயே வருகிற மாதிரி முதுகு கூசும். பொம்பளை பாடினால், அதுவும் கொஞ்சம் கட்டைக் குரலில் பாடினால், காதைத் தீட்டிக்கொள்வேன். அந்தத் தை மாதம் அப்படி ஒரு பாட்டு வந்தது.

ஒரசாம நின்னாலும் பொகையுதய்யா என் நெஞ்சு,
ஊதாத ஊதாத பத்திக்கிடும் இந்தப் பஞ்சு.

எங்கள் ஹாலில் சொல்லக் கூடாததெல்லாம் அதில் இருந்தது. முதல் தடவை கேட்டபோது கை தானாகக் காலடிச் சாக்கைத் தொட்டுப் பார்த்தது. பாட்டு முடிந்ததும், இன்னொரு தடவை போட மாட்டாளா என்றும் இருந்தது.

ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். அச்சு விலகிக் கழித்துப் போட்ட லேபிள்கள் மூலையில் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்துப் போய், பின்பக்கத்து வெள்ளையில் அந்தப் பாட்டை எழுதினேன். ஹாலில் கேட்டதை வீடு போகிற வரைக்கும் மறக்காமல் வைத்திருந்து, நாளுக்கு நாலைந்து சொல்லாகச் சேர்த்தேன். பத்து நாளுக்கு மேல் ஆனது. "பத்திக்கிடும்" என்கிற இடம் வந்ததும் எழுத வரவில்லை. பேனாவை வைத்துவிட்டேன். பிறகு அங்கே "சிரிச்சிரும்" என்று எழுதினேன். பாட்டு ஓடும்போது உதட்டுக்குள் அப்படித்தான் பாடிக்கொள்வேன். லேபிள் என் வயர் கூடையில், சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் இருந்தது.

பயப்பட வேண்டியது சொற்களுக்கு மட்டுமில்லை என்பதும் எனக்குத் தெரியும். கை பாட்டோடு போகும். மெல்லிய பாட்டு என்றால் கை மெல்லப் போகும், மேளம் இறங்கினால் ஓடும். என் விரல்கள் இப்போது மடங்க மறுக்கின்றன. அந்தப் பாட்டு வந்தால் மட்டும் இருபது வயசுக் கை மாதிரி ஓடின. அதைப் பார்த்துத்தான் கணக்கப்பிள்ளை ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். வெயில் ஏறின பிறகு குத்துப் பாட்டு கூடாது. காய்ந்த குச்சியும் வேகமான கையும் சேரக் கூடாது என்பார்.

பங்குனியில் ஒரு நாள் மதியம், லாரி விசயமாக அவர் டவுனுக்குப் போயிருந்தார். காற்றே இல்லை. தகரம் அப்படியே இறங்கி வந்து தலையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் எதிரே இருந்தவள் கேட்டாள்.

"பெரியம்மா, ஒங்களுக்கு என்ன பாட்டு வேணும்னு நாங்க ஒரு நாளாச்சும் கேட்டிருக்கமா? இன்னைக்கு ஒங்க நேயர் விருப்பம்தான்."

"எனக்கு என்னத்தட்டி. எதையாவது போடு."

"எதையாவதுன்னா மறுபடி சாமி பாட்டா? சாமிக்கே சலிச்சுப் போயிருக்கும்."

என்னை யாரும் எதுவும் கேட்டு வருசக்கணக்கில் ஆகியிருந்தது. குனிந்து அவள் காதில் முதல் வரியைச் சொன்னேன். அவள் தலையைப் பின்னால் இழுத்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏயப்பா," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எழுந்து வெளியே போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

என் பக்கத்தில் இருந்தவள் எங்களில் கை வேகமானவள், வாயும் அப்படித்தான். "என்னட்டி குசுகுசுன்னு? யாருக்கு இந்தப் பாட்டு?" என்றாள்.

"எனக்குத்தான் மதினி."

"ஒனக்கா? ஒன் வீட்டுக்காரன் கெடக்குத கெடையில எவன் ஊதப் போறான்?"

ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். எனக்காகத்தான் அவள் அந்தப் பேச்சை வாங்கினாள் என்பது தெரிந்துதான் சிரித்தேன்.

இரண்டாவது அடியில் மேளம் இறங்கும். கைகளெல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. பெட்டிகள் மூடுகிற சத்தமே தாளம் மாதிரி கேட்டது. என் உதடு "சிரிச்சிரும் இந்தப் பஞ்சு" என்ற இடத்துக்கு வந்தபோது, பக்கத்தில் சர்ரென்று ஒரு சீறல். பக்கத்துக்காரியின் கையிலிருந்த குச்சிகள் மொத்தமாகப் பிடித்து, அவள் உதறியதில் சட்டத்தில் விழுந்தன. அவ்வளவு வெள்ளை வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. யாரோ "சிரிச்சிருச்சு, சிரிச்சிருச்சு" என்று கத்தினார்கள். எதிரே இருந்தவள் மேசைமேல் தாவி விழுந்து ஈரச் சாக்கைச் சட்டத்தின்மேல் அமுக்கினாள். நான் என் சாக்கைத் தூக்கிப் பக்கத்துக்காரியின் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். கந்தகப் புகையில் ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்தக் கட்டைக் குரல் மட்டும் நிற்காமல் ஊதாத ஊதாத என்று பாடிக்கொண்டிருந்தது. அதைப் போய் நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சேதம் ஒரு சட்டத்தோடு போயிற்று. ஆனால் பக்கத்துக்காரியின் வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். கணக்கப்பிள்ளை வந்து சேர்ந்ததும் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"என்ன பாட்டு ஓடிச்சு?"

யாரோ சொன்னார்கள்.

"போட்டது யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி," என்றாள் எதிரே இருந்தவள்.

"யாரும் கேட்டாங்களா, நீயாப் போட்டியா?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் போட்டேன்."

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

அவள் ஸ்பீக்கரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்கிற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை மறைத்து எழுத முடியாது. இந்த வயதில் இந்தக் கிழவி கேட்ட பாட்டு இதா என்று பதினோரு பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

அன்று மினி பஸ்ஸில் அதே பாட்டு ஓடியது. மடியில் என் விரல்கள் தானாக அசைந்தன. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி நடந்துவிட்டேன்.

மறுநாள் எதிரே இடம் காலியாக இருந்தது. பாட்டு இல்லாத ஹாலில் பேச்சுதான் ஓடியது.

"புருசன் எந்திரிக்க மாட்டாம கெடக்கான், இவளுக்கு அந்தப் பாட்டு கேக்குது."

"ஆசை யாரை விட்டுச்சு. அதான் ஒருத்தி கை வெந்துச்சு."

"ஸ்கூட்டர்ல வரும்போதே நான் நெனைச்சேன்."

ஒவ்வொரு பேச்சும் என்மேல் விழ வேண்டியது. பிடியில் எத்தனை குச்சி என்று விரலுக்குத் தெரியவில்லை. இந்தக் கையோடு அடைத்தால் இன்னொன்று நடந்துவிடும் என்று பெட்டியைக் கீழே வைத்தேன். வயர் கூடையைத் தூக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளையின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தலாமா என்று கேட்க வாய் வரவில்லை.

"அந்தப் பாட்டைக் கேட்டது நாந்தான் அண்ணாச்சி. அவ எனக்காகத்தான் போட்டா."

அவர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அவ மேல எரக்கப்பட்டுச் சொல்லுதீங்க. போங்க ஆச்சி, போய் வேலையைப் பாருங்க."

"இல்ல, எனக்கு இப்ப வர்ற பாட்டுதான் பிடிக்கும்."

"நீங்க சாமி பாட்டு கேக்குத ஆளு. எனக்குத் தெரியாதா?"

சோற்றுப் பாத்திரத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். அதற்கு அடியிலிருந்து லேபிளை எடுத்து அவர் மேசையில், எழுத்து மேலே தெரிகிற மாதிரி வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணக்கு வாசிக்கிற குரலில் உரக்க வாசித்தார். ஒரசாம நின்னாலும். பொகையுதய்யா என் நெஞ்சு. ஹாலில் பெட்டி மூடுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. நான் மேசைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊதாத ஊதாத," என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். "இதென்ன, சிரிச்சிரும்னு எழுதியிருக்கு? பாட்டுல அப்படியா வருது?"

"பாட்டுல வேற வரும் அண்ணாச்சி. அதை இங்கன சொல்லக் கூடாதே. அதான் மாத்தி எழுதினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். லேபிளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"வெயில்ல இந்தப் பாட்டு கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் கேட்டேன்."

"அவளை நாளைக்கு வரச் சொல்லுதேன். பாட்டு இனி இந்த ஆபிசுக்குள்ள கெடையாது. நீங்களும் அடைப்புல உக்கார வேண்டாம், லேபிள் ஒட்டப் போங்க."

நான் திரும்பி ஹால் வழியாக வந்தபோது எல்லாரும் பார்த்தார்கள், நான் பயந்த மாதிரியேதான். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேர் ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். நான் லேபிள் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் அவள் வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நேராக என்னிடம்தான் வந்தாள்.

"ஏன் பெரியம்மா போய்ச் சொன்னீங்க? நான் வேற ஆபிஸ் பாத்திருப்பேன்."

"பாத்திருப்பே. இங்கன ஒன்னைப் பேசினாளுவளே, அதை என்னட்டி செய்ய?"

"இவளுக பேச்சுக்கெல்லாமா," என்று சொன்னாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனாள்.

கை வெந்தவள் இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். விரல்கள் முழுக்க மடங்காததால் அவளையும் லேபிள் மேசைக்கு அனுப்பினார்கள். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கையில் தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கி இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஒட்டிக்கொண்டிருந்தேன். என்ன கேட்பாளோ என்று காலையிலிருந்து பயந்துகொண்டே இருந்தேன்.

மதியத்துக்கு மேல் அவள் பசையில் விரலைத் தோய்த்தபடி, "பெரியம்மா, அந்தப் பாட்டுக் கதையெல்லாம் சொன்னாளுவ," என்றாள்.

நான் அடுத்த லேபிளை எடுத்தேன்.

"அன்னைக்கு முழுசாக் கேக்க முடியலை. அந்தப் பஞ்சுக்கு அப்புறம் என்ன வரும்?"

லேபிள் மேசையில் ஈரச் சாக்கு தேவையில்லை. நான்தான் ஒன்றைக் காலடியில் போட்டு வைத்திருக்கிறேன், காலையும் மதியமும் நனைத்துக்கொள்வேன். குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது. பிறகு அவள் காதுப் பக்கம் சாய்ந்து, மேளம் இல்லாமல், மெதுவாக, அடுத்த வரியைச் சொன்னேன்.