யார் வீட்டு அம்மா?

மைசூரில் நாங்கள் ஐந்து குடும்பத்தார் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தோம். தொண்ணூறுகளில் அதற்காக உறவினர்களிடம் வாங்காத வசவு இல்லை. தனியாகப் படித்தால் சரிப்படாது என்று புதன்கிழமைதோறும் முறைவைத்து ஒரு வீட்டில் கூடினோம். ஒரு வாரம் ஊருக்குள் அக்ரஹாரம் பகுதி வீடு என்றால் மறுவாரம் ஹெப்பாள் பகுதி வீடு. வருகைப் பதிவேடு மட்டும் கூடவே கூடாது என்று வைத்திருந்தோம்.

எங்கள் கூட்டத்தில் ஓர் அம்மாளும் இருந்தார்; எப்போது வந்து சேர்ந்தார் என்று யாருக்கும் நினைவில்லை. ஒல்லியாக இருப்பார், தலைமுடியில் எப்போதும் ஈரம் இருக்கும். பிள்ளைகளுக்கு இலைகளைக் காட்டிப் பெயர் சொல்லித்தருவார். பதினொரு மணி வெயில் உள்ளே விழுந்ததும் எழுந்துபோய் ஜன்னல் கதவை ஒருக்களித்துவிட்டு வருவார்.

ஒருநாள் கேட்டேன். "இதுல உங்க பிள்ளை யாருங்க?"

"அதோ, ஜன்னல் பக்கம். வெயில் அவனுக்கு ஆகாது" என்றார்.

வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவே, ஜன்னலோரம், ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

அன்று மாலையே மற்ற நாலு வீட்டிலும் விசாரித்தேன். அவர் எனக்கு வேண்டியவர் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். நானோ அவர்களில் யாருக்கோ வேண்டியவர் என்று இருந்துவிட்டேன்.

அதன்பின் அவர் வரவில்லை.

அடுத்த புதன் எங்கள் வீட்டு முறை. ஜன்னலோரம் அதே இடைவெளி. நெருங்கி உட்காருங்கள் என்றேன்; ஒரு பிள்ளையும் நகரவில்லை. பதினொரு மணிக்கு என் மகள் எழுந்துபோய் ஜன்னல் கதவை ஒருக்களித்தாள்.

ஏன் என்று கேட்டேன்.

"அந்த ஆன்ட்டி இன்னிக்கு வரலையேம்மா, அதான்."