கட்டத்துக்குள் அடைத்த பேர்

எனக்கு மூக்கு மேல கோவம் வரும். ஊட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தக் கோவத்துக்கு ஒரு கட்டமும் ஒரு சேவ் பட்டனும் கிடைச்சா என்ன ஆகும்னு அந்தக் கார்த்திகை மாசம்தான் எனக்கே தெரிஞ்சது.

முதல்ல பொட்டியச் சொல்லிடறேன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்து ஓய்வு வாங்கினவ. ஊட்டுலருந்தே ரேடியோவுல மத்தவங்களோட பேசிக்கறதுக்குப் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசன்ஸ் வச்சிருக்கேன். மலை மேல சோளக்காடுங்கற ஊருக்கு மேக்கால மேட்டுல எங்க ஊடு. மொட்டை மாடியில ஆன்டெனா, அதுக்குக் கீழ டிபன் பாக்ஸ் அளவுல ஒரு பொட்டி. ஹாம்னா பேசறதுதான்னு எல்லாரும் நினைப்பாங்க. இது பேசாது. எழுத்தைத் துண்டு துண்டாக்கி ரேடியோவுல அனுப்பும், வர்றதை வாங்கி அடுத்த நிலையத்துக்குத் தள்ளிவிடும். அதுக்குள்ளயே ஒரு வெப் பக்கம் இருக்கு. நெட் வேண்டாம், டவர் வேண்டாம். போன்ல பொட்டியோட வைஃபையப் பிடிச்சா பக்கம் திறந்துக்கும். எந்த நிலையத்தோட சத்தம் கேட்குது, எத்தனை தடவை கேட்டுச்சு, யாரு லெட்டர் போட்டிருக்காங்க, எல்லாம் வரிசையா நிக்கும். கரண்ட் போனாலும் சோலார் பேட்டரியில ஓடும்.

அடிவாரத்துல மோட்டார் பம்ப் கடை வச்சிருக்கற பாயும் ஹாம்தான். என்னை அக்கான்னு கூப்பிடுவாரு. இந்தப் பொட்டிய மாட்டினப்ப ஏணியப் பிடிச்சவரே அவருதான். அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு ஞாயித்துக்கிழமை, ரேடியோவுல எல்லாரும் படிக்கற பொதுப் பலகையில எழுதறாரு: "மலை நிலையத்தோட சிக்னல் மட்டமா இருக்குதுங்க. ஆன்டெனா ஒயர்ல தண்ணி இறங்கியிருக்கும். யாராச்சும் அக்காகிட்டச் சொல்லுங்க."

யாராச்சும் சொல்லணுமாமா! ஏன், எனக்குத் தனியா ஒரு வரி போட்டா கை தேஞ்சா போயிரும்? சேலம் வரைக்கும் இருக்கற அத்தனை பேர் முன்னாடியும் மானத்த வாங்கிட்டாரேன்னு பத்திக்கிட்டு வந்துச்சு. வெப் பக்கத்துல செட்டிங்ஸ்க்குள்ள ஒரு கட்டம் இருக்கு. அதுல எந்த நிலையத்தோட பேரை எழுதறமோ, அதை நம்ம பொட்டி சீந்தாது. சத்தம் கேட்கும், பட்டியல்ல எண்ணும், ஆனா லெட்டரை வாங்காது, பதிலும் சொல்லாது. பாயோட அழைப்புப் பேரை அதுல அடிச்சேன். சேவ். கிடக்கட்டும் ரெண்டு நாளைக்கு.

மறுநாள் மாடியேறி ஒயர் முனையக் கழட்டினா, தண்ணி சொட்டுது. யாருக்கும் சொல்லாம துடைச்சு, ரப்பர் டேப் சுத்திட்டு இறங்கிட்டேன். அதுக்கப்புறம் காப்பிப்பழம் பறிப்பு வந்துருச்சு. கட்டத்தை நான் சுத்தமா மறந்துட்டேன்.

மூணு வாரம் போயிருக்கும். எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு அப்ப ஒரு வருசம்கூட ஆகலை. மாசாமாசம் போற செக்கப்புக்குக் காலையில பைக்குல கீழ இறங்கினாரு. "மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன், ரசம் மட்டும் வையி"ன்னு சொல்லிட்டுப் போனாரு. பத்து மணிக்கு மழை பிடிச்சுது. பதினொண்ணுக்குக் கரண்ட் போச்சு, அதோட செல் டவரும் படுத்துக்கிச்சு. ஒரு மணிக்கு வரவேண்டிய மனுசன் ரெண்டாகியும் வரலை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரோட்டுலருந்து நனைஞ்சுக்கிட்டே வந்து சொல்றாரு: "அக்கா, கொண்டை ஊசி வளைவுல மண்ணு சரிஞ்சு கிடக்குதாமுங்க. பஸ்ஸ நிறுத்திட்டாங்க. ஒரு பைக்கு மாட்டிக்கிச்சுன்னு பேசிக்கறாங்க." என்ன கலர் பைக்குன்னு கேட்டேன். அவருக்குத் தெரியலை.

ஓடியாந்து பக்கத்தைத் திறந்தேன். கீழ இருக்கறவங்க யாராச்சும் ஒரு வரி போட்டிருக்க மாட்டாங்களா? ஒண்ணுமில்லை. நான் சேலத்துக்கு எழுதினேன், நாமக்கல்லுக்கு எழுதினேன், பாய்க்கு மட்டும் எழுத மனசு வரலை. அங்கயும் கரண்ட் இல்லையோ என்னமோ, பதிலே வரலை. சத்தம் கேட்கற பட்டியல்ல பாயோட பேர் மட்டும் மேல நின்னுச்சு. அதுக்குப் பக்கத்து எண் நான் பாக்கப் பாக்க ஏறுது. நூத்தி நாப்பது. நூத்தி நாப்பத்தொண்ணு.

"இந்தாளுக்கு இன்னைக்குமா? ஊரே தவிச்சுக் கெடக்குது, லைன அடைச்சுக்கிட்டு என்ன அரட்டை வேண்டிக் கெடக்கு!" வாய்க்கு வந்தபடி திட்டினேன். எந்தப் புண்ணியவான் எனக்குச் செய்தி சொல்லப் பாக்கறானோ, இவரு குறுக்க நிக்கறாரேன்னு ஆத்திரம்.

நாலு மணி சுமாருக்குத்தான் உறைச்சுது. மத்தவங்க யாரோட சத்தமுமே இல்லை. அப்ப இவரு யாரோட அரட்டை அடிக்கறாரு? கொட்டற மழையில கடையில உக்காந்துக்கிட்டு, இத்தனை தடவை யாரைக் கூப்பிடறாரு?

அடிப்பாவி. என்னையத்தான்.

அவசரத்துல பாஸ்வேர்டு ரெண்டு தடவை தப்பாப் போச்சு. கட்டத்துல இருந்த பேரை அழிச்சு சேவ் கொடுத்தேன். பொட்டி ஒரு தடவை அணைஞ்சு எழுந்திரிக்கணும், அதுக்கு ஒரு நிமிசம் ஆகும். அறப்பளீஸ்வரரையும் எட்டுக்கை அம்மனையும் மாத்தி மாத்திக் கூப்பிட்டுக்கிட்டு நின்னேன். பக்கம் திறந்துச்சு. கொஞ்ச நேரத்துல லெட்டர் வந்து விழுந்துச்சு.

"அக்கா, மாமா என் கடையிலதான் இருக்காரு. மழையப் பாத்துட்டு நான்தான் மேல ஏற விடலை. சாப்பிட்டாச்சு, மாத்திரையும் போட்டாச்சு. பயப்படாதீங்க. பதினொரு மணியிலருந்து கூப்பிடறேன், உங்க பொட்டி எடுக்க மாட்டேங்குது. ஒயர்ல தண்ணி இறங்கிருச்சோ என்னமோ. ரோடு சரியானதும் மாமாவோட நானும் வந்து பாத்துத் தாரேன்."

அப்படியே தரையில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதேன். அவரு நல்லா இருக்காருங்கற நிம்மதி பாதி, வெக்கம் பாதி. நான் சாத்தின கதவ அஞ்சு மணி நேரமா தட்டியிருக்காரு அந்த மனுசன், நான் உள்ள உக்காந்து அவரையே திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஆமாங்க பாய், தண்ணிதான்னு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சு போச்சு. மனசு கேக்கலை. "ஒயர்ல தண்ணியில்லீங்க பாய். அன்னைக்கு நீங்க எழுதினது பொறுக்காம நான்தான் உங்க பேரை அடைச்சு வச்சேன். மன்னிச்சுருங்க"ன்னு அடிச்சு அனுப்பினேன். பதில் வர்ற வரைக்கும் போனைக் கீழ வைக்கலை. மழை விட்டிருந்துச்சு, ரசம் ஆறிப் போயிருந்துச்சு.

பதில் வந்துச்சு.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்கக்கா, மத்தவங்க லெட்டரையெல்லாம் உங்க பொட்டி வாங்கிக்கிச்சே. கோவம் தீர்ந்தா நீங்களே எடுத்துருவீங்கன்னு மூணு வாரமா சும்மாதான் இருந்தேன். இன்னைக்கு மட்டும் அப்படி இருக்க முடியலீங்க."