செக்கிங் அக்காவின் கையெழுத்து

சட்டை தைக்கும் எங்கள் கம்பெனியில் அவளுக்குப் பெயர் செக்கிங் அக்கா. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து அவள் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி லாரியில் ஏறும். கர்ப்பப்பையை எடுத்த பிறகு அவளுக்குச் சிறுநீர் நிற்பதில்லை. இருமினால் போச்சு, சிரித்தால் போச்சு. கறுப்புப் புடவையாகப் பார்த்துக் கட்டுவாள். பையில் மாற்றுப் பாவாடை இருக்கும். அப்படியும் மணிக்கு ஒரு தடவை ஓட வேண்டும்.

எங்கள் சூப்பர்வைசர் இருக்கிறானே, கட்டையில போறவன், அவள் போகும் தடவைகளை எல்லோரும் பார்க்கும் போர்டில் எழுதினான். அதோடு விட்டானா? ஒருநாள் அவள் எழுந்தபோது கையை நீட்டி மறித்தான்.

"பத்து நிமிஷம் அடக்க முடியாதா? சின்னக் குழந்தையா நீங்க?"

"முடியல சார். ஆபரேஷன் பண்ண உடம்பு."

"லோடு போகட்டும், அப்புறம் போங்க."

நாற்பது பேர் முன்னால், மேஜையைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நனைந்தாள். "யாராவது மாப் எடுத்துட்டு வாங்கப்பா" என்று அந்தப் பாவி சிரித்தான். அக்கா அழவில்லை. பாத்ரூமில் பாவாடையைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னாள்: "இவன் என் முன்னாடி வந்து கெஞ்சணும்டி. அதுவரைக்கும் நான் வேலைய விட மாட்டேன்."

மறுநாளிலிருந்து எல்லாம் ரூல்படி. பதினோரு வருஷமாகச் சின்னக் கோணலைக் கண்டும் காணாமல் விட்டவள், ஸ்கேலைக் கையில் எடுத்தாள். பொத்தான் ஒரு நூல் தள்ளியிருந்தாலும் திருப்பினாள். "கோவிச்சுக்காதீங்கடி" என்றாள் எங்களிடம். கோபமா? "நல்லா திருப்புக்கா!" என்று சிரித்துக்கொண்டே பிரித்துத் தைத்தோம். சூப்பர்வைசருக்குத்தான் மேலிடத்தில் செம டோஸ்.

வெள்ளிக்கிழமை லாரி வாசலில் நின்றது. ஆறு பெட்டிகள் கையெழுத்துக்குக் காத்திருந்தன. சூப்பர்வைசர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான்.

"அக்கா, உங்க கால்ல வேணா விழறேன். பெட்டி போகலைன்னா என் வேலை போயிடும். கையெழுத்துப் போடுங்கக்கா."

அக்கா பேனாவை மூடினாள்.

"இருங்க சார். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

அப்போதுதான் போய்விட்டு வந்திருந்தாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரியாததுபோல் குனிந்து தைத்துக்கொண்டிருந்தோம். லாரி கிளம்பிப் போன பிறகுதான் உள்ளே தாழ்ப்பாள் விலகியது.